எமுலேட்டருக்குள் மூலநிரலைத் தொகுக்கும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஹட்டனில் ஒரு வாசிகசாலையின் மேல்மாடியில் சனி, ஞாயிறு மாலைகளில் ஏழெட்டு இளைஞர்கள் கூடுகிறார்கள். டிக்கோயா, நோர்வூட், கொட்டகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருபவர்கள். எங்களிடம் இருப்பவை நான்கு பழைய மடிக்கணினிகள். எல்லாம் எக்ஸ்86 என்ற புராசஸர் இனம். நினைவகம் நான்கு ஜிபி அல்லது எட்டு. ரிஸ்க்-ஃபைவ் என்ற வேறொரு புராசஸர் இனத்துச் சிறுகணினிப் பலகை ஒன்றுதான் இருக்கிறது, அது கையில் கிடைக்க முறை வர வேண்டும். ஆகவே தமிழ்ச் சொற்பிழை திருத்தி, எழுத்துணரி போன்றவற்றை மூலநிரலிலிருந்து தொகுப்பதும் (கம்பைல் செய்வதும்) சோதிப்பதும் முதலில் மடிக்கணினியில், வேற்றினப் புராசஸரின் நிரலை ஓட்டிக் காட்டும் கியூஎமு எமுலேட்டருக்குள் நடக்கின்றன. பலகைக்குக் கடைசியில்தான் போகிறோம்.

டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் 13ஆம் பதிப்பு வெளிவந்த 2025 ஆகஸ்டில் 64 பிட் ரிஸ்க்-ஃபைவ் அதன் அதிகாரபூர்வமான இனங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. அந்த அமைப்பை ஒரு கோப்பகத்தில் இறக்கி, அந்தக் கோப்பகத்தையே முழு அமைப்பாகக் காட்டும் சிஎச்ரூட் வழியாக உள்ளே நுழைந்து வேலை செய்வதே எங்கள் முறை. இரண்டு ஆண்டுகளாக என் குறிப்பேட்டில் சேர்ந்த பிழைகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். கட்டளைகளையும் பிழைச்செய்திகளையும் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

பேசுவது யார்?

சிவப்பு வரி ஒன்று தோன்றியதும் “எமுலேட்டர் சரியில்லை” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பிழையான முடிவு. நாங்கள் பயன்படுத்தும் யூசர் மோட் முறையில் கியூஎமு முழுக் கணினியைப் போல நடிப்பதில்லை. ரிஸ்க்-ஃபைவ் நிரலின் ஒவ்வொரு கட்டளைத் துண்டையும் எக்ஸ்86 கட்டளையாக மொழிபெயர்க்கிறது. கோப்பைத் திற, நினைவகம் கொடு, நேரம் என்ன என்ற கோரிக்கைகளையெல்லாம் மடிக்கணினியின் சொந்தக் கெர்னலிடம் (இயக்குதளத்தின் மையப்பகுதியிடம்) கையளித்துவிடுகிறது. ஆகவே பிழை மூன்று வாய்களில் ஒன்றிலிருந்து வருகிறது: எக்ஸ்86 மட்டுமே உலகம் என்று நினைத்து எழுதப்பட்ட மூலநிரல், மொழிபெயர்க்கும் எமுலேட்டர், அடியில் இருக்கும் கெர்னலும் நினைவகமும் கடிகாரமும். எந்த வாய் பேசுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

அறிகுறி: “எக்ஸெக் ஃபார்மட் எரர்”

இது கெர்னலின் வாய். எமுலேட்டர் இன்னும் அழைக்கப்படவே இல்லை என்பதுதான் இதன் பொருள்.

ஒரு நிரலை இயக்கும் முன் கெர்னல் அதன் முதற்சில பைட்டுகளைப் படிக்கிறது. லினக்ஸ் நிரற்கோப்பு 7எஃப், 45, 4சி, 46 என்ற நான்கு பைட்டுகளோடு தொடங்கும். சுழியத்திலிருந்து எண்ணினால் 18ஆம் இடத்தில் புராசஸர் இனத்தின் எண் இருக்கும். 64 பிட் எக்ஸ்86க்கு 62, 64 பிட் ஆர்முக்கு 183, ரிஸ்க்-ஃபைவுக்கு 243. மடிக்கணினியின் கெர்னலுக்கு 243 அந்நியம். “இந்த எண் வந்தால் இன்ன எமுலேட்டரிடம் கொடு” என்று யாராவது பதிந்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டின் பெயர் பின்ஃபார்மட் மிஸ்க்.

ஃபைல் என்ற கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஓட்டுங்கள். எந்த இனத்துக்குரிய நிரல் என்று அது ஒரே வரியில் சொல்லிவிடும். ஆர்ம் நிரலை ரிஸ்க்-ஃபைவ் கோப்பகத்துக்குள் நகலெடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் தேடியவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. இனம் சரியென்றால் ப்ராக் கோப்பகத்துக்குள் சிஸ், அதனுள் எஃப்எஸ், அதனுள் பின்ஃபார்மட் மிஸ்க் என்று போய்ப் பாருங்கள். ரிஸ்க்-ஃபைவ் பெயரில் ஒரு பதிவு இருக்க வேண்டும். அதைத் திறந்தால் முதல் வரியில் “எனேபிள்ட்” என்று இருக்க வேண்டும்.

பதிவே இல்லையென்றால் நேற்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். கண்டெய்னர் (தனிப் பெட்டியாக ஓடும் நிரற்சூழல்) ஒன்றை ஓட்டி அதன் வழியாகப் பதிந்திருந்தால் அந்தப் பதிவு கெர்னலின் நினைவில் மட்டுமே நிற்கும். மின்சாரம் போய்க் கணினி மறுபடி எழுந்ததும் அது மறைந்திருக்கும். “நேற்றிரவு வரை ஓடியது சேர், இன்று ஓடவில்லை” என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, இரவில் கரண்ட் போனதா என்பதைத்தான். நிலையான வழி, உங்கள் லினக்ஸ் வெளியீடு தரும் கியூஎமு ஸ்டாட்டிக் பொதியை நிறுவுவது. அது பின்ஃபார்மட் அமைப்புக் கோப்பகத்தில் தன் கோப்பை வைக்கும். ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் சிஸ்டம்டி-பின்ஃபார்மட் சேவை அதைப் படித்துப் பதிந்துவிடும். கோப்பு இருந்தும் பதிவு இல்லையென்றால் அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்தால் போதும்.

அறிகுறி: கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் “நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி”

புதியவர்களை இதைப் போல் வாட்டும் செய்தி வேறில்லை. எல்எஸ் போட்டால் கோப்பு தெரிகிறது. இயக்கினால் அப்படியொரு கோப்பே இல்லை என்கிறது. கெர்னல் பொய் சொல்லவில்லை. அது தேடுவது உங்கள் கோப்பை அன்று, அந்தக் கோப்புக்குத் தேவையான இன்னொன்றை. எதை என்று மட்டும் சொல்வதில்லை.

இரண்டில் ஒன்றாக இருக்கும். முதலாவது, நிரலின் ஏற்றி. நூலகங்களோடு இணைந்து ஓடும் ஒவ்வொரு நிரலும் தன்னை ஏற்றிவிடும் சிறு நிரலின் முகவரியைத் தனக்குள் எழுதி வைத்திருக்கும். ரீட்எல்ஃப் கட்டளையை -எல் தெரிவோடு ஓட்டினால் “இன்டர்பிரெட்டர்” என்ற வரியில் அந்த முகவரி தெரியும். ரிஸ்க்-ஃபைவ் ஏற்றி உங்கள் மடிக்கணினியின் லிப் கோப்பகத்தில் இருக்காது. சிஎச்ரூட்டுக்கு வெளியே நின்று இயக்குகிறீர்கள் என்றால், இறக்கி வைத்த ரிஸ்க்-ஃபைவ் கோப்பகம் எங்கே என்பதைக் கியூஎமு-எல்டி-ப்ரிஃபிக்ஸ் என்ற சூழல்மாறியில் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, எமுலேட்டரே காணாமற்போவது. சிஎச்ரூட்டுக்குள் நுழைந்தபின் கெர்னல் எமுலேட்டரையும் அந்தச் சிறு கோப்பகத்துக்குள்தான் தேடும். அங்கே அது இல்லை. இதற்காகவே பதிவேட்டில் ‘எஃப்’ என்ற கொடி 2016இல், 4.8 கெர்னலில் வந்தது. அந்தக் கொடியோடு பதிந்தால் கெர்னல் பதியும் கணத்திலேயே எமுலேட்டர் கோப்பைத் திறந்து கையில் வைத்துக்கொள்கிறது. நீங்கள் எந்தக் கோப்பகத்துக்குள் போனாலும் அது கூடவே வரும். பதிவைத் திறந்து கொடிகள் வரியில் ‘எஃப்’ இருக்கிறதா பாருங்கள். எமுலேட்டர் தனித்து இயங்கும் ஸ்டாட்டிக் நிரலாகவும் இருக்க வேண்டும். இல்லையேல் எமுலேட்டர் கிடைத்தாலும் அதற்குரிய நூலகங்கள் கிடைக்கா.

அறிகுறி: கான்ஃபிகர் ஓடிய உடனே “கேனாட் கெஸ் பில்ட் டைப்” அல்லது “மெஷின் நாட் ரெகக்னைஸ்ட்”

இது மூலநிரலின் வாய். தொகுக்கும் முன் கணினியை ஆராயும் ஸ்கிரிப்ட்தான் கான்ஃபிகர். ரிஸ்க்-ஃபைவ் 2010இல் பெர்க்லியில் தொடங்கியது. 64 பிட் ஆர்ம் 2011இல் அறிவிக்கப்பட்டது. லூங்ஆர்ச் என்ற இனம் 2021இல் வந்தது. நீங்கள் தொகுக்கப் பார்க்கும் பொதி அதற்கு முன்னரே கட்டி வைக்கப்பட்டதாக இருந்தால், அதற்குள் இருக்கும் கான்ஃபிக்.கெஸ், கான்ஃபிக்.சப் என்ற இரண்டு ஸ்கிரிப்ட்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. இரண்டையும் திறந்தால் தொடக்கத்திலேயே டைம்ஸ்டாம்ப் என்ற வரியில் அவற்றின் வயது எழுதியிருக்கும்.

டெபியனில் ஆட்டோடூல்ஸ்-டெவ் பொதியை நிறுவினால் இரண்டின் புதிய பிரதிகளும் யூஎஸ்ஆர், ஷேர், மிஸ்க் கோப்பகத்தில் வந்து சேரும். அவற்றைப் பழையவற்றின் மேல் நகலெடுத்துவிட்டுக் கான்ஃபிகரை மறுபடி ஓட்டுங்கள். சில பொதிகளுக்குள் துணை நூலகங்கள் தங்கள் சொந்தப் பழைய பிரதிகளை வைத்திருக்கும். ஃபைண்ட் கட்டளையால் எல்லாவற்றையும் தேடி மாற்றுங்கள். ஆட்டோரீகான்ஃப் கட்டளையை -எஃப்ஐ தெரிவோடு ஓட்டுவது இன்னும் சுத்தமான வழிதான். ஆனால் மிகப் பழைய பொதிகளில் அது புதிய பிழைகளைக் கிளப்பும். நான் முதலில் இரண்டு கோப்பை மட்டும் மாற்றிப் பார்ப்பேன்.

அறிகுறி: “இம்இன்ட்ரின்.எச்” கோப்பு இல்லை, “-எம்64” அல்லது “-எம்எஸ்எஸ்இ” தெரியாத தெரிவு

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. எக்ஸ்86க்கே உரிய வேகக் கட்டளைகளை மூலநிரல் நேரடியாகக் கேட்கிறது. கான்ஃபிகர் உதவியைப் படித்து எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் சார்ந்த பகுதிகளை அணைக்கும் தெரிவு இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் சிம்டிஈ என்ற தலைப்புக்கோப்புத் தொகுப்பு அந்தக் கட்டளைகளைப் பொதுவான சி மொழியில் எழுதித் தந்திருக்கிறது. தொகுக்கும் கட்டளைகளை எழுதிவைத்த மேக்ஃபைலில் -எம்64 இருந்தால் அழித்துவிடுங்கள். -மார்ச்=நேட்டிவ் இருந்தாலும் அழியுங்கள்; எமுலேட்டருக்குள் “சொந்தப் புராசஸர்” என்ற சொல்லுக்கு நம்பத்தகுந்த பொருள் இல்லை.

அறிகுறி: தொகுப்பு முடிந்து இணைக்கும்போது “அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்”, பெயரில் “அடாமிக்” என்று வருகிறது

ரிஸ்க்-ஃபைவின் ‘ஏ’ நீட்டிப்பு 32 பிட், 64 பிட் அளவுகளில்தான் பிரிக்க முடியாத (அடாமிக்) செயல்களைத் தருகிறது. ஒரு பைட் அளவில் அப்படிச் செய்ய வேண்டியிருந்தால் பழைய ஜிசிசி தொகுப்பி அதை லிப்அடாமிக் நூலகத்திடம் விட்டுவிடும். ஜிசிசி 14 முதல் தொகுப்பியே அதை உள்ளே எழுதிக்கொள்கிறது. எனவே தொகுப்பியைப் புதுப்பிப்பது ஒரு வழி; இணைப்பில் -எல்அடாமிக் சேர்ப்பது இன்னொரு வழி.

சேர்த்தபின்னும் பிழை அப்படியே நிற்கிறது என்பார்கள். எங்கே சேர்த்தீர்கள் என்று பாருங்கள். எல்டிஃப்ளாக்ஸ் மாறியில் போட்டால் அது பெரும்பாலும் வரியின் முன்பக்கத்தில் போய் விழும். இணைப்பி இடமிருந்து வலமாகப் படிக்கிறது. அந்த நேரத்தில் அந்த நூலகத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், ஆகவே விட்டுவிட்டுப் போய்விடும். லிப்ஸ் மாறியில் போடுங்கள். அது கடைசியில் வரும்.

அறிகுறி: எல்லாம் தொகுந்தது, சோதனைகள் மட்டும் தோற்கின்றன

இங்கேதான் நிதானம் தேவை. எமுலேட்டர் மேல் பழி போட மனம் துடிக்கும் இடமும் இதுதான்.

நாங்களே எழுதிய சிறு நிரல் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கோப்பில் எத்தனை தமிழ்ச்சொற்கள் இருக்கின்றன என்று எண்ணும் நிரல் அது. மடிக்கணினியில் 412 சொல் என்றது. அதே கோப்புக்கு ரிஸ்க்-ஃபைவ் எமுலேட்டருக்குள் 0 என்றது. பிழைச்செய்தி இல்லை, நிரல் முறியவும் இல்லை. நோர்வூட்டிலிருந்து வரும் தங்கச்சி ஒருத்தி இரண்டு வாரம் எமுலேட்டரின் பதிப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

காரணம் எங்கள் நிரலின் ஒரு வரியில் இருந்தது. யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்ற எழுத்து ஈ0, ஏஈ, 85 என்ற மூன்று பைட்டுகள். பதின்மத்தில் 224, 174, 133. சி மொழியின் கேர் வகை எக்ஸ்86 லினக்ஸில் குறியுள்ள எண். ஆகவே இந்த மூன்றும் -32, -82, -123 என்று தெரியும். நாங்கள் “பைட் சுழியத்தைவிடச் சிறியதென்றால் தமிழ்” என்று எழுதி வைத்திருந்தோம். ஆர்ம் லினக்ஸிலும் ரிஸ்க்-ஃபைவிலும் கேர் வகை குறியற்றது. அங்கே 224 என்பது 224தான்; எந்தப் பைட்டும் சுழியத்தைவிடச் சிறியதாகாது. எனவே எமுலேட்டர் சொன்ன 0 மிகச் சரியான விடை.

ஆங்கிலம் மட்டும் எழுதுபவர்களிடம் இந்தப் பிழை எளிதில் ஒளிந்துகொள்ளும், ஏனென்றால் ஆங்கில எழுத்துகள் எல்லாம் 128க்குக் கீழே. நம் எழுத்துகளின் ஒவ்வொரு பைட்டும் 128 அல்லது அதற்கு மேலே. தமிழில் வேலை செய்யும் நிரலை எழுதுபவர்களுக்கு இது முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். கெட்கேர் தரும் விடையைக் கேர் மாறியில் வாங்கி -1உடன் ஒப்பிடும் நிரல்களும் இதே காரணத்தால் முடிவின்றிச் சுற்றும்.

தீர்வு: தற்காலிகமாக -எஃப்சைன்ட்-கேர் தெரிவைச் சேர்த்துத் தொகுத்துப் பாருங்கள். சோதனை வென்றால் நோய் இதுதான். பிறகு மூலநிரலில் வகையைத் தெளிவாக எழுதுங்கள். இன்னொரு வழியை எல்லாருக்கும் வலியுறுத்துவேன்: எமுலேட்டரே இல்லாமல், மடிக்கணினியிலேயே -எஃப்அன்சைன்ட்-கேர் தெரிவோடு -டபிள்யூஎக்ஸ்ட்ராவும் சேர்த்துத் தொகுங்கள். “இந்த ஒப்பீடு எப்போதும் பொய்” என்று ஜிசிசியே வரி எண்ணோடு காட்டிவிடும். இரண்டு வாரம் தேடியது இரண்டு நிமிடத்தில் கிடைத்தது.

சோதனை தோற்க வேறு சில காரணங்களும் உண்டு. சுழியத்தைச் சுழியத்தால் வகுத்த பதின்ம விடையை அச்சிட்டால் எக்ஸ்86இல் “-நேன்”. ஆர்மிலும் ரிஸ்க்-ஃபைவிலும் குறியில்லாத “நேன்”. முழு எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் எக்ஸ்86இல் நிரல் முறியும். 64 பிட் ஆர்ம் 0 தரும். ரிஸ்க்-ஃபைவ் -1 தரும். லாங் டபுள் எக்ஸ்86இல் 80 பிட் துல்லியம், மற்ற இரண்டிலும் 128 பிட். அதனால் கடைசி இலக்கங்கள் மாறும், வேகமும் குறையும். இவை ஒவ்வொன்றும் அந்தந்தப் புராசஸரின் உண்மையான நடத்தை. எமுலேட்டர் அதை உள்ளபடி காட்டுகிறது.

எமுலேட்டரே குற்றவாளியாகும் இடமும் இருக்கிறது. இன்னொரு நிரலைத் தொடங்கும் பொசிக்ஸ்-ஸ்பான் சார்ந்த சோதனைகள் அவற்றில் ஒன்று. இல்லாத நிரலைத் தொடங்கச் சொன்னால் பிழை திரும்ப வேண்டும். யூசர் மோடில், புதிய நிரலைப் பிறப்பிக்கும் விஃபோர்க் அழைப்பு வெறும் ஃபோர்க்காக நடத்தப்படுவதால் அந்தப் பிழை தாய் நிரலுக்குத் தெரியாமற்போகும். பிழை தேடும் கருவிகளான ஜிடிபியும் எஸ்ட்ரேஸும் உள்ளே ஓடாமைக்குக் காரணம், இன்னொரு நிரலைக் கண்காணிக்க உதவும் பிட்ரேஸ் வசதி இல்லாதது. நினைவகக் கசிவு தேடும் லீக்சானிடைசர் முறிவதும் அதனால்தான்; ஆசான்-ஆப்ஷன்ஸ் மாறியில் டிடெக்ட்-லீக்ஸ்=0 என்று வையுங்கள். எஸ்ட்ரேஸுக்குப் பதிலாகக் கியூஎமு-எஸ்ட்ரேஸ் என்ற சூழல்மாறியை 1 ஆக்கினால் எமுலேட்டரே ஒவ்வொரு கெர்னல் அழைப்பையும் எழுதிக் காட்டும். உள்ளே நிர்வாகி உரிமை தரும் சூடோ “எஃபெக்டிவ் யூஐடி இஸ் நாட் 0” என்று அடம்பிடித்தால் பின்ஃபார்மட் பதிவில் ‘சி’ கொடி இல்லை. அதைச் சேர்த்துப் பதிய வேண்டும்.

அறிகுறி: “கில்ட்”, சி++ தொகுப்பியான சிசி1ப்ளஸ் நின்றுவிட்டது, வெளியேறும் எண் 137

நினைவகம் தீர்ந்தது. 137 என்பது 128உம் 9உம். ஒன்பதாம் சமிக்ஞை கெர்னல் கொடுக்கும் கட்டாய நிறுத்தம். டிமெஸ்க் கட்டளையில் “அவுட் ஆஃப் மெமரி” என்று தெரியும். இதே கணக்கில் 139 என்றால் 11ஆம் சமிக்ஞை, நினைவக மீறல். 132 என்றால் 4ஆம் சமிக்ஞை, தெரியாத கட்டளை. இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்து வைப்பது நல்லது.

நான்கு ஜிபி கணினியில் மேக் கட்டளைக்கு, ஒரே நேரத்தில் நான்கு வேலை ஓட்டும் -ஜே4 கொடுக்காதீர்கள். -ஜே1 இல் தொடங்குங்கள். பிழைதேடல் விவரம் சேர்க்கும் -ஜி தெரிவையும், இணைக்கும்போது மெருகேற்றும் எல்டிஓவையும் அணையுங்கள். நினைவகத்தைச் சுருக்கிப் பயன்படுத்தும் இசட்ராமை இயக்குங்கள். சி++ மொழியில் வார்ப்புருக்கள் நிறைந்த ஒரே ஒரு கோப்பு மட்டும் நினைவகத்தைத் தின்கிறதென்றால், அந்தக் கோப்பை மட்டும் -ஓ1இல் தொகுத்துவிட்டு மற்றவற்றுக்குப் பழைய தெரிவோடு தொடரலாம்.

அறிகுறி: மணிக்கணக்கில் ஓடுகிறது, நின்றுவிட்டதா, மெதுவாகப் போகிறதா தெரியவில்லை

டாப் கட்டளையைத் திறந்து பாருங்கள். எமுலேட்டர் நூறு சதவீதத்தில் உழைக்கிறதென்றால் அது மெதுவாகத்தான் போகிறது, பொறுங்கள். சுழியத்தில் உட்கார்ந்திருந்தால் ஓர் இழை (த்ரெட்) இன்னோர் இழைக்காகக் காத்து மாட்டிக்கொண்டிருக்கிறது. கியூஎமுவைப் புதுப்பியுங்கள், -ஜே1 வையுங்கள், டாஸ்க்செட் கட்டளையால் ஒரே புராசஸர் கருவில் கட்டிப்போட்டு ஓட்டிப் பாருங்கள்.

மெதுவாகப் போவதற்கான உண்மையான மருந்து, எமுலேட்டருக்குள் தொகுப்பதையே குறைப்பது. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் தொடங்கிய கியூஎமு மிகத் திறமையான மொழிபெயர்ப்பாளர். ஆனால் சி++ தொகுப்பி போன்ற பெரிய நிரலை முழுவதும் மொழிபெயர்த்து ஓட்டினால் பல மடங்கு நேரம் போகத்தான் செய்யும். தொகுப்பி எங்கே ஓடினாலும் வெளிவரும் நிரல் ஒன்றுதானே? ஆகவே மடிக்கணினியில் நேரடியாக ஓடி ரிஸ்க்-ஃபைவ் நிரலைத் தரும் குறுக்குத் தொகுப்பியை நிறுவி அதால் தொகுங்கள். சோதனைகளை மட்டும் எமுலேட்டரில் ஓட்டுங்கள். தொகுப்பை வழிநடத்தும் கருவிகளில், சிமேக்கில் சிமேக்-கிராஸ்கம்பைலிங்-எமுலேட்டர் என்ற மாறிக்கும், மீசானில் எக்ஸிஈ-ராப்பர் என்ற அமைப்புக்கும் கியூஎமுவின் பெயரைக் கொடுத்தால் அவை அந்தப் பங்கீட்டைத் தாமே செய்துகொள்ளும். கோ மொழி என்றால் கோஆர்ச் மாறியை மாற்றினால் போதும். சி மொழி நிரலை இணைக்கும் சிகோ இல்லாத நிரலுக்கு எமுலேட்டரும் வேண்டியதில்லை, குறுக்குத் தொகுப்பியும் வேண்டியதில்லை.

அப்படியானால் முழுக்க எமுலேட்டருக்குள் தொகுப்பதை ஏன் கற்பிக்கிறேன்? குறுக்குத் தொகுப்புக்கு ஒத்துழைக்காத பொதிகள் ஏராளம். தொகுக்கும்போதே தான் உருவாக்கிய சிறு நிரலை ஓட்டி அட்டவணை தயாரிக்கும் பொதிகள் அவை. அங்கே எமுலேட்டர்தான் கைகொடுக்கிறது.

அறிகுறி: கரண்ட் போய் வந்தபின் விசித்திரமான பிழைகள்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மஸ்கெலியாவையும் நோர்வூட்டையும் நனைத்துக்கொண்டே இருக்கும். மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் தோட்டத்துப் பக்கம் மின்சாரம் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் மடிக்கணினிகளின் மின்கலம் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. ஆகவே இந்தப் பகுதியை விரிவாக எழுதுகிறேன். வெளியூர் வழிகாட்டிகளில் இது இருக்காது.

“ஃபைல் நாட் ரெகக்னைஸ்ட்” அல்லது “ஃபைல் ட்ரங்கேட்டட்” என்று இணைப்பி சொன்னால், கரண்ட் போன கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த .ஓ கோப்பு (தொகுத்த துண்டு) வட்டில் வெறுமையாக நிற்கிறது. மேக் நேரத்தை மட்டுமே பார்ப்பதால் “இது புதியது, முடிந்தது” என்று தாண்டிப் போய்விடும். ஃபைண்ட் கட்டளைக்கு -சைஸ் 0 கொடுத்து அளவு சுழியமான .ஓ, .ஏ கோப்புகளையெல்லாம் அழித்துவிட்டு மேக்கை மறுபடி ஓட்டுங்கள். முழுதும் அழித்துப் புதிதாகத் தொடங்குவது எமுலேட்டருக்குள் ஒரு நாள் வேலை. சுழியக் கோப்புகளை அழிப்பது ஒரு நிமிடம்.

இன்னும் ஆபத்தானது ஒன்று உண்டு. தொகுப்பின் நடுவே உருவாகும் துணைநிரல் சுழியமாகிப் போனால் ஷெல் அதை வெறுமையான ஸ்கிரிப்டாக எடுத்துக்கொண்டு “வெற்றி” என்று திரும்பிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. அந்தத் துணைநிரல் எழுத வேண்டிய அட்டவணை மட்டும் காலியாக இருக்கும். பிழை எங்கோ தொலைவில் வேறு வேடத்தில் வெளிப்படும். எனவே ஃபைண்டை ஓட்டும்போது இயக்கத்தக்க கோப்புகளையும் சேர்த்துத் தேடுங்கள்.

“கிளாக் ஸ்க்யூ டிடெக்டட்” என்று மேக் எச்சரித்தால் கடிகாரம் பின்னுக்குப் போயிருக்கிறது. கடிகார மின்கலம் இல்லாத சிறு பலகைகளும், அது செத்துப்போன பழைய மடிக்கணினிகளும் மின்தடைக்குப் பின் பழைய தேதியில் எழும். கோப்புகள் எதிர்காலத்தில் எழுதப்பட்டவையாகத் தெரியும். மேக் எதைத் தொகுப்பது, எதை விடுவது என்று குழம்பும். பதிவிறக்கத்தில் “சர்ட்டிஃபிகேட் இஸ் நாட் யெட் வேலிட்” என்று வந்தால் அதுவும் இதே நோய்தான். கடிகாரத்தைச் சரிசெய்யாமல் வேறெதையும் தொடாதீர்கள். சரிசெய்தபின், பிழையான தேதியில் நடந்த தொகுப்பின் விளைவுகளை நம்பாமல் அழித்துவிடுவது நல்லது.

மூலநிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட் “ஆப்ஜெக்ட் ஃபைல் இஸ் எம்ப்டி” என்றால், கிட் கோப்பகத்துக்குள் ஆப்ஜெக்ட்ஸ் பகுதியில் சுழிய அளவுக் கோப்புகள் இருக்கும். உங்கள் சொந்த மாற்றங்களை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு அவற்றை அழித்து, ஃபெட்ச் செய்து, எஃப்எஸ்சிகேயால் சரிபாருங்கள்.

நள்ளிரவுக்குப் பிந்திய டேட்டாவில் இறக்கும்போது “ஏர்லி ஈஓஎஃப்” என்று கிட் குளோன் (களஞ்சியத்தை நகலெடுப்பது) பாதியில் முறிந்தால் அது விட்ட இடத்திலிருந்து தொடராது, இறங்கியதெல்லாம் வீண். பெரிய களஞ்சியத்தை -டெப்த் 1 கொடுத்து மேலோட்டமாக இறக்குங்கள். அதுவும் முடியாவிட்டால் வெளியீட்டுப் பொதியை டபிள்யூகெட் -சி வழியாக இறக்குங்கள். அது விட்ட இடத்திலிருந்து தொடரும். முடிந்ததும் ஷா256 சரிபார்ப்பைத் தவறவிடாதீர்கள்.

அறிகுறி: எமுலேட்டரில் எல்லாம் பச்சை, பலகையில் முறிகிறது

பலகை கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை இப்படி ஆகும்போது பிள்ளைகளின் முகம் வாடிவிடும். இது அவர்கள் செய்த தவறு என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் எமுலேட்டர் மறைத்துவிடும் மூன்று விடயங்கள் இருக்கின்றன. அவற்றை முன்கூட்டியே சொல்லிவைப்பது கற்பிப்பவரின் கடமை.

முதலாவது, “இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்”, வெளியேறும் எண் 132. ரிஸ்க்-ஃபைவ் ஓர் அடிப்படையும் அதன்மேல் விருப்ப நீட்டிப்புகளும் கொண்டது. எமுலேட்டர் தனக்குத் தெரிந்த எல்லா நீட்டிப்புகளையும் காட்டிக்கொண்டிருக்கலாம். எங்கள் பலகையில் வெக்டர் நீட்டிப்பு இல்லை. 2024 அக்டோபரில் உறுதியான ஆர்விஏ23 தரம் வெக்டரைக் கட்டாயமாக்குகிறது, உபுண்டு 25.10 ரிஸ்க்-ஃபைவுக்கு அதையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. அதிலிருந்து எடுத்த நூலகத்தைப் பழைய பலகையில் வைத்தால் அது முறியும். கியூஎமு-சிபியூ என்ற சூழல்மாறியில் ஆர்வி64 என்றும் வி=ஃபால்ஸ் என்றும் கொடுத்து எமுலேட்டரைப் பலகையின் அளவுக்குத் தாழ்த்துங்கள். முறிவு மடிக்கணினியிலேயே தெரிந்துவிடும்; பலகைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, நினைவகப் பக்க அளவு. யூசர் மோடில் கெர்னல் மடிக்கணினியுடையது. எக்ஸ்86இல் பக்கம் 4 கேபி. ராஸ்பெர்ரி பை 5 இயல்பாக 16 கேபி பக்கமுள்ள கெர்னலோடு வருகிறது. சில ஆர்ம் சேவையகங்களில் 64 கேபி. தொகுக்கும்போதே பக்க அளவை நிலையாக எழுதிக்கொள்ளும் நூலகங்கள் அங்கே நிற்காது. நினைவகம் பங்கிடும் நூலகமான ஜெமல்லாக் “அன்சப்போர்ட்டட் சிஸ்டம் பேஜ் சைஸ்” என்று சொல்லும். அதன் கான்ஃபிகரில் வித்-எல்ஜி-பேஜ் தெரிவுக்கு 16 கொடுத்தால் 64 கேபி வரை தாங்கும்.

மூன்றாவது, நினைவக ஒழுங்கு. ஓர் இழை முதலில் தரவை எழுதி, பிறகு “தயார்” என்ற கொடியை எழுதுகிறது. எக்ஸ்86இல் மற்ற இழைகள் அதே வரிசையில்தான் பார்க்கும். புராசஸரே அதற்கு உறுதி தருகிறது. ஆர்முக்கும் ரிஸ்க்-ஃபைவுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை; கொடி முதலிலும் தரவு பிறகும் தெரியலாம். எமுலேட்டர் எக்ஸ்86 மேல் ஓடுவதால் அந்த உறுதி கீழிருந்து இலவசமாக வந்து, மூலநிரலின் குறையை மூடிவிடுகிறது. இப்படிப்பட்ட பிழை பலகையில்கூட நூறு முறைக்கு ஒருமுறைதான் தலைகாட்டும்.

இதைப் பிடிக்க எமுலேட்டர் உதவாது. அதைச் சுற்றி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். மடிக்கணினியில் எமுலேட்டர் இல்லாமல், -எஃப்சானிடைஸ்=த்ரெட் தெரிவோடு நேரடியாகத் தொகுத்துச் சோதனைகளை ஓட்டுங்கள். ஒழுங்கின்றித் தொடப்படும் மாறி எது, எந்த இரு இழைகள், எந்த வரிகள் என்று அது எழுதிக் காட்டும். அந்த மாறியை அடாமிக் வகையாக்கி, எழுதும் இடத்தில் ரிலீஸ், படிக்கும் இடத்தில் அக்வையர் என்ற ஒழுங்குக் குறிகளை வையுங்கள். பிறகு பலகையில் அந்த ஒரே சோதனையைச் சுழலில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். விடிந்ததும் வந்து எத்தனை முறை தோற்றது என்று எண்ணிப் பாருங்கள்.